தலைகீழாக ஓடிய ஆயில் இன்ஜின்

பேராவூரணி
செப்டம்பர் 14

அன்புள்ள நண்பா,

நாங்கள் எல்லோரும் நலம். உன் கடிதம் வந்த அன்று வீடே டீசல் வாசத்தில் இருந்தது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

கல்லணைக் கால்வாயில் தண்ணீர் விட்டும் எங்கள் கடைமடையில் வாய்க்காலின் அடியோடுதான் ஓடுகிறது. சம்பா நாற்றங்கால் காயக் கூடாதே என்று, கொட்டகையில் கிடந்த பழைய 5 எச்.பி. ஆயில் இன்ஜினைக் கரைக்கு இறக்கினோம். நான் ஹாண்டில் சுற்றினேன். சுற்றுவது இலேசாக இருக்க சிலிண்டரின் அழுத்தத்தைத் தளர்த்திப் பிடிக்கும் டீகம்ப்ரஷன் லீவரை, வேகம் பிடிப்பதற்குள் அப்பா விட்டுவிட்டார். இன்ஜின் ஒரு உதை உதைத்தது. ஹாண்டில் பறந்துபோய் வாய்க்காலில் விழுந்தது. உன் மணிக்கட்டை உடைத்த அதே ஹாண்டில்தான்!

இன்ஜின் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் குழாயில் தண்ணீர் பேருக்குத்தான் வந்தது. ஏர் ஃபில்டரிலிருந்து கரும்புகை! இன்ஜின் கட்டுமீறி ஓடுகிறது என்று நினைத்த அப்பா, சாக்கை நனைத்து ஃபில்டரின் வாயில் அழுத்தினார். காற்றை அடைத்தால் நின்றுவிடும் என்பது பழைய வைத்தியம். நிற்கவில்லை. தூசியைப் பிடிக்க ஃபில்டரின் அடிக்கிண்ணத்தில் ஊற்றியிருந்த எண்ணெய் முழுவதும் சாக்கைத் தள்ளிக்கொண்டு அவர் முகத்தில் பீய்ச்சியடித்தது. வருடக்கணக்காக வெளுத்திருந்த மீசை ஒரு நொடியில் கறுத்துவிட்டது.

அப்போதுதான் என் மகள், "தாத்தா, சைலன்சர் உள்ளே இழுக்கிறது!" என்று கத்தினாள். வைக்கோல் துரும்பு ஒன்று அதற்குள் போனதைப் பார்த்திருக்கிறாள். மழைநீர் இறங்காமல் சைலன்சரை மூடி வைக்கும் கொட்டாங்குச்சியை எடுத்து அதன் வாயில் கவிழ்த்தாள். இரண்டு முக்கு முக்கி நின்றது இன்ஜின்.

உதைத்த வேகத்தில் அது எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கிறது. ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினில் இப்படி நடப்பதுண்டு. சைலன்சர் வழியாகக் காற்றை இழுத்து, ஃபில்டர் வழியாகப் புகையைத் துப்பும். நாங்கள் மூன்று பேரும் பதறிக்கொண்டிருந்தபோது ஒரு துரும்பைக் கவனித்தாளே, அந்தக் கண்ணை நினைத்து எனக்கு இன்னும் பூரிப்பு அடங்கவில்லை.

அம்மா வரப்பில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்பாவும்தான். பிறகு முழங்கால் தண்ணீரில் துழாவி ஹாண்டிலை எடுத்துவந்து, யாருக்கும் எளிதில் தராத அதைப் பேத்தியின் கையில் கொடுத்தார். "கட்டைவிரலை மடக்காதே. மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வை. அப்போதுதான் உதைத்தால் கை தப்பும்" என்று அவள் விரல்களைத் தானே பிடித்து வைத்தார்.

சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "இதை அன்றைக்கே அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். மழைக்காலத்தில் உன் மணிக்கட்டு இன்னும் வலிக்கிறதா என்று கேட்கச் சொன்னார். மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்