எந்தக் கோப்பு அவர் மேசைக்குப் போகக் கூடாது?

ஆசிரியருக்கு,

விமானத் தயாரிப்பு நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்தவரைப் பாதுகாப்புத் துறைப் பொறுப்புக்குக் கொண்டுவரலாமா என்ற பேச்சு வந்தாலே, வரட்டும் என்பார் சிலர், கூடவே கூடாது என்பார் சிலர். வந்தபிறகு எந்தக் கோப்பு அவரிடம் போகக் கூடாது என்பதுதான் என் கவலை.

அமெரிக்காவில் பேட்ரிக் ஷனகன் போயிங்கில் 31 ஆண்டு பணியாற்றிவிட்டு, 2017 ஜூலையில் பாதுகாப்புத் துணை அமைச்சரானார். செனட்டில் ஆதரவு 92, எதிர்ப்பு 7. போயிங் விவகாரங்களில் தலையிட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தே பதவிக்கு வந்தார். ஆனாலும் 2019இல் பழைய நிறுவனத்துக்குச் சாதகமாக நடந்தார் என்ற புகார் எழுந்து, விசாரணை நடந்தது. விதியை அவர் மீறவில்லை என்று ஏப்ரலில் அறிக்கை வந்தது. எழுதிவைத்த விலக்கு, அதாவது பழைய நிறுவனத்தின் கோப்புகளிலிருந்து ஒதுங்கி நிற்கும் உறுதி, இருந்ததால்தான் அப்படிச் சரிபார்க்க முடிந்தது.

நம் நாட்டிலோ, பணி ஓய்வுக்குப்பின் ஓராண்டுக்குள் தனியார் வேலைக்குப் போகும் உயர் அதிகாரி அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். 1964 நடத்தை விதிகளில் 4ஆவது விதி, குடும்பத்தினர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் ஒப்பந்தத்தைக் கையாளக் கூடாது என்கிறது. அதிகாரியே நேற்றுவரை சம்பளம் வாங்கிய நிறுவனத்தைப் பற்றி அந்த விதியில் ஒரு வரி இல்லை.

விலக்கு என்றால் கடைசிக் கையெழுத்தைத் தவிர்ப்பது என்று நினைக்கிறார்கள். அதற்குள் காரியம் முடிந்திருக்கும். கொள்முதல் தொடங்குவதே எஸ்.க்யூ.ஆர். எனப்படும் தரத் தேவைக் குறிப்பில். விமானம் 8 மணி நேரம் பறந்தால் போதும் என்ற இடத்தில் 10 மணி என்று ஓர் எண்ணை மாற்றினால், நான்கு நிறுவனங்களில் மூன்று அங்கேயே கழிந்துவிடும். பிறகு எல்-1 எனப்படும் மிகக் குறைந்த விலையை ஒப்பிட எதிரே ஆள் ஏது? ஆகவே விலக்கு இந்தக் குறிப்பை எழுதும் நாளிலேயே தொடங்க வேண்டும். தாய் நிறுவனத்தோடு அதன் துணை நிறுவனங்கள், கூட்டு நிறுவனங்கள், இன்ஜினும் ரேடாரும் தரும் சப்ளையர்கள் பெயரும் பட்டியலில் ஏற வேண்டும். கையிலுள்ள பங்குகளை விற்றாக வேண்டும்; பின்னால் கைக்கு வரவிருக்கும் பங்குகளையும் மறைக்காமல் காட்ட வேண்டும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. விலகியவருக்குப் பதில் முடிவெடுப்பவர் அவருக்குக் கீழே இருக்கலாகாது. ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை எழுதும் மேலதிகாரியின் முகம் பார்க்காமல் யார் கையெழுத்திடுவார்?

ஒக்கிப் புயலில் நம் மீனவர்களைத் தேடிப் பறந்த கடற்படையின் ‘பி-8ஐ’ என்ற கண்காணிப்பு விமானம் போயிங் தயாரித்ததுதான். ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் இஸ்ரோவின் ராக்கெட் இன்ஜின் சோதனை மையம் உள்ள மகேந்திரகிரி. 2020க்குப் பின் விண்வெளித் துறை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. நம் மாவட்டப் பிள்ளைகள் இனி இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை பார்ப்பார்கள். நியமன ஆணையோடு விலக்குப் பட்டியலையும் மாற்று அதிகாரியின் பதவிப் பெயரையும் சேர்த்தே வெளியிட மத்திய அரசு விதி செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்.