டெல்லியில யார்கிட்ட போய் கேக்குறது?

ஆசிரியருக்கு வணக்கம். மாநில உரிமை பத்தி நம்ம பத்திரிகைல நிறைய வருது, ஆனா கவர்னர், நீட், நிதிப் பங்கு இதோட நின்னுடுது. டெல்லித் தமிழங்க படுற பாட்டையும் கொஞ்சம் எழுதுங்க சார்.

2025 ஜூன் 1-ஆம் தேதி டெல்லி ஜங்புராவுல தமிழங்க குடியிருந்த மதராஸி கேம்ப்ங்கற குடிசைப் பகுதிய இடிச்சாங்க. பாராபுல்லா நாலாவ (பெரிய வடிகால்) அடைக்குதுன்னு ஹைகோர்ட் உத்தரவு. 370 குடும்பத்துல 189 பேருக்குத்தான் மாற்று வீடு, அதுவும் எங்கயோ வடக்கு ஓரத்துல நரேலால. ஜங்புராவ சுத்தி வீட்டு வேலை செஞ்சு பொழைச்ச பொம்பளைங்க அங்கேருந்து விடிகாலைல எத்தன மணிக்கு கெளம்பணும், புள்ளைங்க லோதி எஸ்டேட் தமிழ் ஸ்கூலுக்கு எப்படி வரும்?

இதையெல்லாம் யார்கிட்ட கேக்குறது? நரேலா வீடு டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) கட்டினது, அது மத்திய அரசு. குடிசை வாரியம் டெல்லி அரசு. குப்பை அள்ளுறது மாநகராட்சி. இடிக்கும்போது காவலுக்கு நிக்கிற போலீஸ் உள்துறை அமைச்சகத்தோடது. மத்த மாநிலத்துல போலீஸும் நிலமும் ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பட்டியல்ல இருக்கு, டெல்லிக்கு மட்டும் 1991-ல 69-ஆவது திருத்தம் போட்டப்ப பொது ஒழுங்கு, போலீஸ், நிலம் மூணையும் கழிச்சிட்டுத்தான் சட்டசபையே கொடுத்தாங்க. சரி, அதிகாரிங்களாவது டெல்லி அமைச்சரவை பேச்ச கேக்கணும்னு 2023 மே 11-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு, எட்டே நாள்ல மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து அதையும் புடுங்கிட்டாங்க, ஆகஸ்ட்ல பார்லிமென்ட்லயும் பாஸ் பண்ணியாச்சு. இப்ப மத்தியிலயும் டெல்லியிலயும் ஒரே கட்சி ஆட்சிங்கறதால சண்டை சத்தம் கேக்கல, சட்டம் என்னமோ அப்படியேதான் இருக்கு.

ஊருக்குத் திரும்புறவங்களுக்கு உதவுறோம்னு தமிழ்நாடு அரசு சொல்லிச்சு, நல்ல விஷயம், ஆனா டெல்லி மண்ணுல அவங்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாதே. நம்ம ஊர்லயும் ஒண்ணு சொல்லியாகணும், 74-ஆவது திருத்தம் உள்ளாட்சிக்கு 18 வேலைய பட்டியல் போட்டுச்சு, கொடுக்குறது மாநிலத்தோட இஷ்டம்னு விட்டுடுச்சு, சென்னை மாநகராட்சில 2016-லேருந்து 2022 வரைக்கும் கவுன்சிலரே இல்ல. மேல உரிமை கேக்குறவங்க கீழயும் கொடுக்கணும்ல?

பார்லிமென்ட், ஜனாதிபதி மாளிகை, தூதரகம் எல்லாம் இருக்குற புது டெல்லிய மத்திய அரசே வச்சுக்கட்டும். மிச்ச டெல்லியோட நிலமும் போலீஸும் நாங்க ஓட்டுப் போட்ட அரசுகிட்ட வரணும். அது நடக்குற வரைக்கும், இடிக்கப்போறோம்னு நோட்டீஸ் ஒட்டினா நிலம் யாரோடது, மாற்று வீடு எந்த ஆபீஸ் தரும், அப்பீல் எங்க போடணும்னு அதுலயே ஹிந்தியிலயும் அங்க குடியிருக்குறவங்க மொழியிலயும் எழுதியிருக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயூர் விஹார், டெல்லி