குறைதீர் கற்பித்தல் நிதிக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

52-இலிருந்து 27-ஐக் கழித்தால் 35 என்று எழுதிய மாணவர் ஒருவர் பாடத்தில் பின்தங்கிய மாணவர்களுக்கான எங்கள் மாலை வகுப்புக்கு வந்தார். 83-இலிருந்து 46 போனால் அவருக்கு 43. 70-இலிருந்து 38 போனால் 48. மேலே இருக்கும் இலக்கம் சிறியதானால் பக்கத்து இடத்திலிருந்து கடன் வாங்க வேண்டும் என்பது மனத்தில் பதியாததால், எந்த இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பதே முறை என்று நம்பி, அதை ஒரு கணக்கில்கூடப் பிசகாமல் செய்திருந்தார். விடைத்தாளில் அவருக்குக் கிடைத்ததோ 'கவனம் தேவை' என்ற சிவப்பு மைக் குறிப்பு. கழித்தலில் மாணவர் செய்யும் பிழைகளில் பல இவ்வாறு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்பதை ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-இலேயே ஆராய்ந்து எழுதியுள்ளனர்.

இதை உணராமல் நாங்களும் தொடக்கத்தில் தவறினோம். மதிப்பெண் குறைந்த அனைவரையும் ஒன்றாக உட்கார வைத்து முழுப் பாடத்தையும் மறுபடி நடத்தினோம். தெரிந்தவர்கள் சலித்துப் போனார்கள், இடமதிப்பே விளங்காதவர்கள் விளங்காமலே எழுந்து போனார்கள்.

இப்போது ஒவ்வொரு மாணவருக்கும் பதிவேட்டில் தனிப் பக்கம் உண்டு. குறையறி சோதனைக்குப் பின் அதில் 'கழித்தலில் பலவீனம்' என்று எழுதினால் ஏற்பதில்லை; 'பத்துகள் இடத்திலிருந்து கடன் வாங்குவதில்லை' என்று, அடுத்த நாள் எதைக் கற்பிப்பது எனப் படிப்பவருக்குத் தெரியும்படி எழுத வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே குறையுள்ள மூவர் அல்லது நால்வருக்குச் சேர்த்துக் கற்பித்து, முடித்த அன்றும் இரண்டு வாரம் கழித்தும் வேறு எண்களைக் கொண்டு சோதிக்கிறோம். கற்றது நாள்பட மறப்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885-இல் காட்டினார். ஆகவே, அன்றே சரியாகச் செய்துவிட்டார் என்பதை மட்டும் வைத்துப் பக்கத்தை மூடுவதில்லை.

தனியே கற்பிக்கப்பட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் பயின்றவர்களில் 98 சதவீதத்தினரை விஞ்சினார் என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அவ்வளவு பெரிய பலனைக் காட்டவில்லை. நாங்களும் அதை வாக்களிக்கவில்லை. பதிவு செய்த குறை தீர்ந்ததா என்பதற்கு மட்டுமே எங்களால் பொறுப்பேற்க முடியும்.

நிதியின் பெரும்பங்கு பயிற்றுநர்களின் மதிப்பூதியத்துக்கும், எஞ்சியது பயிற்சித்தாள் அச்சிடவும் பதிவேடுகள் வாங்கவும் செலவாகும். கணினியும் மென்பொருளும் வாங்கித் தர முன்வருவோருக்கு நன்றி. எனினும், பிழையைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் ஆள்தான் இப்போது போதவில்லை. மொத்தமாக ஒருமுறை தருவதைவிட, சிறு தொகையானாலும் மாதந்தோறும் தர இயலுமானால் மிகவும் உதவும், ஏனெனில் பணம் தீர்ந்து வகுப்பு நடுவில் நின்றால் இரண்டாவது சோதனை நடக்காமலே போய்விடும்.

நன்கொடையைக் குழுவின் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ள வேண்டுகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவும், எத்தனை குறைகள் தீர்ந்தன, எத்தனை தீரவில்லை என்ற எண்ணிக்கையும் உங்களுக்கு அனுப்பப்படும். மாணவரின் பக்கத்தைக் காட்டும்படி மட்டும் அருள்கூர்ந்து கேட்க வேண்டாம். அது அவருக்கும் அவருடைய பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மட்டுமே உரியது.

இங்ஙனம்,
குறைதீர் கற்பித்தல் குழுவினர்