தூண் இல்லாத மண்டபம்

அன்பு மலருக்கு,

சனிக்கிழமை உன் அண்ணன் எங்களை ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ரயிலில் வூர்ஸ்பர்க் கூட்டிப்போனான். ஸ்டேஷனுக்குப் பின்னால் மலைச்சரிவு முழுக்கத் திராட்சைக் கொடிதான். ஒயினுக்குப் பேர்போன ஊர். அங்கே இருக்கிற அரண்மனைக்கு அடியிலேயே ஒயின் நிலவறை இருக்கிறது. நாங்கள் அதற்குள் போகவில்லை. எனக்கு மாடிப்படி மண்டபத்தை விட்டு வர மனசில்லை.

அந்த ஊரை ஆண்ட பிஷப்புகளுக்காக 1720இல் தொடங்கிய கட்டடம். கட்டியவர் பால்தசார் நோய்மான். மணியும் பீரங்கியும் வார்க்கும் பட்டறையில் தொழில் கற்றவராம்.

படியேறும்போது முதலில் கூரை கொஞ்சம்தான் தெரிந்தது. திரும்பி அடுத்த படிவரிசையில் ஏறினதும் முழுசும் தலைக்கு மேல் விரிந்துவிட்டது. கிட்டத்தட்ட 30 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம். நடுவில் ஒரு தூண் கிடையாது. ஆர்.சி.சி. என்கிற கம்பி கட்டிய கான்கிரீட் பிறக்காத காலத்து வளைவுக் கூரை! நாற்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவன் நான், கண்ணை எடுக்க முடியவில்லை.

அதில் 1752, 53இல் டியெபோலோ என்ற இத்தாலிய ஓவியர் நான்கு கண்டங்களை வரைந்திருக்கிறார். ஆசியா யானைமேல் வருகிறாள், அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. ஐரோப்பாப் பக்கம் பார்த்தால் பீரங்கிமேல் நோய்மான் உட்கார்ந்திருக்கிறார். கட்டினவரையும் மறக்காமல் வரைந்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

1945 மார்ச் 16 ராத்திரி குண்டுவீச்சில் ஊரே எரிந்தது. அரண்மனையின் மேற்கூரை மரமெல்லாம் சாம்பல். ஆனால் இந்த வளைவு இறங்கவில்லை. அப்புறம் மழையில் ஓவியம் கெட்டுவிடாமல், ஜான் ஸ்கில்டன் என்ற அமெரிக்க அதிகாரி மரம் திரட்டித் தற்காலிகக் கூரை போட வைத்தார்.

அங்கே நிற்கும்போது உன் ஞாபகம்தான். கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரிக்கச் சொல்லி சைட்டில் நெருக்குகிறார்கள், மறுத்ததற்குத் திட்டு வாங்கினேன் என்று போனில் அழுதாயே. அன்றைக்கு ‘பொறுத்துப் போம்மா’ என்றேன். அது தப்பு. நீ செய்ததுதான் சரி. கான்கிரீட் இறுகும் நாள் கணக்கு முடியாமல் ஒரு முட்டுக் கம்பைக்கூட எடுக்க விடாதே. வேலை போனால் போகட்டும், அப்பா இருக்கிறேன்.

அந்தக் கூரையின் படம் போட்ட அஞ்சலட்டை இதோடு வைத்திருக்கிறேன். ஓரத்தில் பீரங்கியைத் தேடிப் பார்.

அன்புடன்,
அப்பா