பாட்டுப் பாடத்தில் பிள்ளைகளுக்கு இரண்டு வரி இடம் விடுங்கள்

தொடக்க வகுப்புத் தமிழ்ப் பாடநூல் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். நான் அரசுத் தொடக்கப் பள்ளியில் 3-ஆம் வகுப்புக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். பாடலுக்குப் பின்னால் வரும் பயிற்சியில், பிள்ளைகள் தாமாக இரண்டு வரி கட்டிப் பாட இடம் வையுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

‘ஒரே ஓசையில் முடியும் சொற்களை எடுத்து எழுதுக’ என்று பயிற்சி கொடுக்கிறோம். பிள்ளைகள் அவற்றைக் காதால் தேடுவதில்லை. வரியின் கடைசி எழுத்தை விரல் வைத்துப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். பாட வேண்டிய அவசியமே வருவதில்லை.

கவிமணியின் ‘தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி பசுவில் முடியும், அடுத்தது கன்றுக்குட்டியில். நாவால், நன்றாய்; முத்தம், முட்டி என்று, வரிகளின் முதலெழுத்து ஒத்து ஒலிக்கும் மோனை கூடவே வரும். இலக்கணம் எதுவும் சொல்லாமல் பலமுறை பாடவிட்டு, பசுவும் கன்றும் இருந்த இடத்தில் கோழியையும் குஞ்சையும் வைத்துப் பாடச் சொன்னேன். இன்னும் எழுத்துக்கூட்டியே படிக்கிற ஒரு சிறுமி எழுந்து பாடினாள்:

கொல்லையில் கிளறுது தாய்க்கோழி – அங்கே
கூடவே கொத்துது கோழிக்குஞ்சு.

‘கொ’வும் ‘கூ’வும் மோனை. தமிழ் யாப்பில் உ, ஊ, ஒ, ஓ ஓரினம். அவளுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை, காது பிடித்துக்கொண்டது.

அவள் நோட்டைப் பார்த்த இன்னோர் ஆசிரியர், ‘கிளறுது’ என்பதை அடித்துக் ‘கிளறுகிறது’ என்று திருத்தினார். தாளம் போயிற்று. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்படித்தான் நாங்கள் பழகியிருக்கிறோம். ஆனால் பல்லாண்டு ஆசிரியராக இருந்த கவிமணியே ‘மேயுது’, ‘குதிக்குது’ என்று எழுதினாரே! கட்டுரைக்குரிய திருத்தத்தைப் பாட்டின்மேல் ஏற்றினால், அடுத்த முறை அந்தப் பிள்ளை வாய் திறக்காது.

மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனத்தில் பாட்டு இருந்தால்தான் அதன் மெட்டில் புதிதாகக் கட்ட வரும்.

ஆசிரியர் கையேட்டில் இதைச் சேர்த்துவிடுங்கள்: பிள்ளைகள் கட்டும் பாட்டில் பேச்சு வழக்கைத் திருத்த வேண்டாம், அதற்கு மதிப்பெண்ணும் போட வேண்டாம். பக்கத்தில் இடமில்லை என்றால், பொருள் எழுதும் வினாக்களில் ஒன்றை எடுத்துவிடலாம்.

அன்புடன்,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை