குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, மழைநீர் வடிகால், சந்தா பாக்கி ஆகியவை பொருளாளர் அறிக்கையில் உள்ளன. இங்கே சொல்ல வேண்டியது வீடுகளில் மாட்டியுள்ள அசைவறியும் கேமராக்களைப் பற்றி. குழு பார்வையிட்ட வரையில் பெரும்பாலும் கேமராவில் குறையில்லை. மாட்டிய இடத்தில்தான் குறை.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டினால் தெரு முழுக்கத் தெரியும். வந்தவரின் உச்சந்தலையைத் தவிர வேறொன்றும் பதிவாகாது. தரையிலிருந்து 7 முதல் 9 அடி உயரத்தில், சற்றே கீழ்நோக்கி இருந்தால் முகம் கிடைக்கும், கைக்கும் எளிதில் எட்டாது.

அடுத்தது திசை. பேட்டரி கேமராக்களில் உள்ள, சூட்டை உணரும் பி.ஐ.ஆர். சென்சார், உடற்சூடு தன் பார்வையில் இடம் மாறும்போதுதான் விழிக்கும். குறுக்கே நடப்பவரைச் சட்டென்று பிடிக்கும். நேராக அதை நோக்கி வருபவரை வெகு அருகில் வந்த பிறகே உணரும். வாசல் நிலைக்கு மேல் கேட்டைப் பார்த்து மாட்டுவதுதான் நம் வழக்கம், அதுதான் தப்பு. போர்ட்டிகோவின் பக்கத் தூணில், நடைபாதையைக் குறுக்காகப் பார்க்கும்படி வையுங்கள். விழித்துப் பதிவு தொடங்க ஓரிரு நொடி பிடிக்கும் என்பதால், ஆள் கடந்துபோகும் பக்கத்தில் கொஞ்சம் கூடுதல் இடம் படத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் முதுகுதான் மிஞ்சும்.

அக்னி நட்சத்திர மதியத்தில் சுவரும் தரையும் உடற்சூட்டை எட்டிவிடுவதால் சென்சார் திணறும். மார்கழி விடியலில் அதுவே தெருநாய்க்கெல்லாம் அலறும். கோடையில் சென்சிட்டிவிட்டியைக் கூட்டி, குளிரில் குறைத்துக்கொள்ளுங்கள். ஏசி அவுட்டோர் யூனிட்டின் சூடான காற்று, வெயில் பட்டு ஆடும் வாழையிலை இரண்டில் எது பார்வைக்குள் இருந்தாலும் பொய் அலாரம் நிற்காது, பேட்டரியும் சீக்கிரம் தீரும். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் பி.ஐ.ஆர். வேலை செய்யாது, உடற்சூடு கண்ணாடியைத் தாண்டாது.

இரவில் படம் வெளுத்துப் போகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் சிலந்திவலை. கேமராவின் அகச்சிவப்பு ஒளியில் ஒற்றை இழைகூடக் கயிறு போலத் தெரியும். வாரம் ஒருமுறை ஒட்டடைக் குச்சி போதும். லென்ஸை ஒட்டி வெள்ளைச் சுவரோ சன்ஷேடோ இருந்தாலும் அந்த ஒளி பட்டுத் திரும்பி, பின்னால் இருப்பது இருண்டுவிடும். ஒரு சாண் தள்ளி மாட்டினால் சரியாகும். டியூப்லைட் பக்கத்திலும் வேண்டாம்: பூச்சி வரும், பின்னாலேயே பல்லி வரும்.

கேமராவை இன்வெர்ட்டரில் கொடுத்துவிட்டு மோடத்தை மறந்தால், மின்தடையில் போனுக்குத் தகவல் வராது. வயர் சுவருக்குள் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் விடுங்கள். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

பக்கத்து வீட்டு ஜன்னலும் துணி காயும் கொடியும் படத்தில் விழுவதாக வந்த புகார்கள் நியாயமானவை. செட்டிங்கில் அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டமிட்டு மறைக்கலாம். மறைத்ததை அவர்களிடமும் காட்டிவிடுங்கள்.

மாட்டி முடித்ததும் ஒருவர் கேட்டிலிருந்து நடந்துவர, இன்னொருவர் போனைப் பார்க்கட்டும். பகலில் ஒருமுறை, விளக்கணைத்து இரவில் ஒருமுறை. சங்கத்தின் ஏணியும் டிரில்லும் இதற்குக் கிடைக்கும். 2 நாளில் திருப்பித் தரவும்.

செயலாளர்