தென்காசி அத்தைக்கு, லட்சுமி படத்தைப் பற்றி

அன்புள்ள அத்தைக்கு,

லட்சுமி படத்தைப் பிரித்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த பிறகு, பூஜை அறையிலிருந்து இறக்கித் திண்ணைக்குக் கொண்டுவந்து, பின்பலகையின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பதினெட்டு ஆணி. அப்பா இருந்தவரை யாரையும் தொட விட்டதில்லை. கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது.

இதை உங்களுக்குத் தனியாக எழுதியிருக்கலாம். நீங்கள் போன் எடுப்பதில்லை, தபாலில் போட்ட கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்தது. தவிர, ஆச்சியின் பதினாறாம் நாளில் சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னால்தான் நீங்கள் அப்பாவைக் கேட்டீர்கள். பதிலும் எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருக்கட்டும். உங்கள் பேரன் படித்துக் காட்டுவான்.

2010 சித்திரை. எனக்குப் பதினைந்து வயது, எல்லாம் நினைவிருக்கிறது. வீட்டைக் கழுவிவிட, படத்தை இறக்கி, கண்ணாடியில் படிந்திருந்த விளக்குப் புகையை யாரோ துடைத்தார்கள். வெளிச்சத்தில் ஜரிகை மின்னியது. நீங்கள் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். "இது நம்ம படம் இல்ல. நம்ம லட்சுமி செவப்புச் சேலை கட்டியிருப்பா. மூலையில கையெழுத்து இருக்கும். அது எங்கண்ணே?" என்றீர்கள். அப்பா பேசவில்லை. "அம்மாவோட முகூர்த்தப் பட்டையும் பெட்டியில காணோம்" என்றீர்கள். அதற்கும் பேசவில்லை.

அந்தத் தையில்தான் ஒரு ஆள், "ரவிவர்மா சித்ரம் உண்டோ" என்று, ஓவியர் ரவிவர்மாவின் படம் தேடி, நம் ஊர் ஆரியங்காவு முழுக்க வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போயிருந்தான். மாசியில் நாங்கள் வீட்டுக்கு ஓடு மாற்றினோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், படத்தை விற்றுத்தான் ஓடு மாற்றினோம் என்று யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. சாயங்கால வண்டிக்குக் கிளம்பிவிட்டீர்கள். அதே வருஷம் அகலப் பாதை வேலைக்காக வண்டியும் நின்றுபோனது. 2018இல் மறுபடி ஓடத் தொடங்கியபோதும் நீங்கள் வரவில்லை. போன புரட்டாசியில் அப்பா போன அன்று வாசலோடு நின்று திரும்பினீர்கள், அத்தை. அதுதான் என்னை ஆணி பிடுங்க வைத்தது.

உண்மையைச் சொல்கிறேன், முதல் அரைமணி நேரம் நீங்கள் சொன்னதுதான் சரி என்று நம்பிவிட்டேன். பலகையின் ஓரத்தில் இப்போதைய ஆணிகளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசைத் துளைகள் இருந்தன. துரு ஏறிய, பழைய துளைகள். யாரோ ஏற்கெனவே ஒருமுறை பிரித்திருக்கிறார்கள்! வயிற்றைப் பிசைந்தது. அப்பா பேப்பர் படிக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து லட்சுமியின் முகத்தில் வைத்துப் பார்த்தேன். கன்னத்தில் தூரிகைக் கோடு ஒன்றுகூட இல்லை. சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள், மணல் தூவினாற்போல. அச்சுப் படம்.

நம் வீட்டுக் கதை உங்களுக்குத் தெரியாததில்லை. 1904இல் கொல்லம், செங்கோட்டை ரயில் பாதை திறந்தபோது பூட்டன் அதில் கணக்கெழுதினார், ரவிவர்மாவே தம் கையால் வரைந்து கொடுத்தார் என்பார்கள். ரவிவர்மா காலமானது 1906இல். கிளிமானூரும் புனலூரிலிருந்து போய்வரக்கூடிய தூரம்தான். அதனால் கதை பொருந்திப்போனது, யாரும் மறுத்துக் கேட்கவில்லை. ஆனால் ரவிவர்மா 1894லேயே பம்பாயில் அச்சகம் தொடங்கிவிட்டார். அது பிறகு லோனாவ்லா பக்கம் மாறியது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். ஒன்று காய்ந்த பிறகு இன்னொன்று என்று ஒரே தாளில் பலமுறை அச்சேற்றி, மேலே வார்னிஷ் பூசுவார்கள். சில படங்களில் துணியில் வரைந்ததுபோலச் சொரசொரப்பைக்கூட அழுத்தி ஏற்றுவார்களாம். நம் படத்திலும் தடவினால் அது விரலில் தட்டுகிறது. சின்ன வயதில் தொட்டுப் பார்த்து "துணிதான்" என்று நீங்கள் அடித்துச் சொன்னது இதை வைத்துத்தான்.

சரி, அச்சுப் படம். ஆனால் எப்போதுமே இதுதான் இருந்ததா, அல்லது அசலை எடுத்துவிட்டு இதை வைத்தார்களா? அதுதானே உங்கள் கேள்வி. அதற்குப் பதில் பலகையிலேயே இருந்தது.

பலகையின் உள்பக்கம் பென்சிலில் ஏழாம் வாய்ப்பாடு. உங்கள் கையெழுத்து. ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று எழுதி, அடித்து, மறுபடியும் ஐம்பத்து நாலு என்றே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கறை, பலாச்சுளை வடிவத்தில், ஓரம் மட்டும் பழுப்பாக. ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, தாத்தா துண்டால் படத்தைத் துடைத்தார் என்று நீங்களே எங்களுக்குச் சொன்ன கதைதான் அது. படத்தைத் திருப்பித் தாளின் முதுகைப் பார்த்தேன். அதே கறை, அதே வடிவம், அதே இடம். பலகைமேல் தாளை வைத்தேன். ஓரத்தோடு ஓரம் ஒட்டி உட்கார்ந்தது. இந்தத் தாளும் இந்தப் பலகையும் அன்று ஒன்றாகத்தான் நனைந்திருக்கின்றன.

கையெழுத்தும் இருக்கிறது, அத்தை. இப்போதைய சட்டம் ஆழமானது. உள்ளே ஒரு தங்கக் காகிதப் பட்டை சுற்றி ஓடி மூலையை மூடிவிட்டது. பட்டையை எடுத்ததும் மூலையில் 'ரவிவர்மா', அடி ஓரத்தில் பொடி ஆங்கில எழுத்தில் 'ரவிவர்மா பிரஸ், கார்லா, லோனாவ்லா'. கையெழுத்தும் அச்சில் ஏறியதுதான். நீங்கள் பார்த்தது பொய்யில்லை.

அப்படியானால் சிவப்புச் சேலை? ஜரிகையின் ஒரு ஓரம் பசை விட்டுத் தூக்கியிருந்தது. நகத்தால் மெல்ல நிமிர்த்தினேன். அடியில் செம்பருத்திச் சிவப்பு. மற்ற இடமெல்லாம் வார்னிஷ் மஞ்சளித்துக் கிடக்க, அந்த விரல் அகலம் மட்டும் நேற்று அச்சடித்ததுபோல இருந்தது. உங்கள் லட்சுமி அந்தச் சேலையை மாற்றவே இல்லை. மேலே துணி வைத்து, சம்கியும் பாசியும் தைத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் சாமி படத்துக்கு அப்படிச் செய்வது வழக்கம்தான். துணியின் தடிமனுக்குப் பழைய சட்டம் போதாமல் ஆழமான சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆணித் துளை இரண்டு வரிசை ஆனது அதனால்தான்.

அந்த ஜரிகை ருத்ராட்சக் கரை. மடிப்பில் வெள்ளி இழை கறுத்திருக்கிறது. ஆச்சியின் கல்யாணப் போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே கரை.

இதற்குமேல் எனக்குத் தெரியாமல் போகவே, அம்மாவை எழுப்பிக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள். 1974இல் நீங்கள் டீச்சர் டிரெயினிங் சேர்ந்தபோது பணம் கட்டத் தாத்தாவிடம் ஒன்றும் இல்லை. ஆச்சி முகூர்த்தப் பட்டைப் பழைய ஜரிகைக்காரனிடம் எடைக்குப் போட்டாள். கொடுப்பதற்கு முன்னால் முந்தானையில் ஒரு சாண் மட்டும் வெட்டி வைத்துக்கொண்டாள். அதைத்தான் லட்சுமிக்குக் கட்டிவிட்டாள். நீங்கள் விடுதியில் இருந்த மாதங்களில் அது நடந்தது. திரும்பி வந்தபோது படம் பூஜை அறையில் உயரத்தில், புகைக்குள். "அவளுக்குத் தெரிஞ்சா படிப்பை விட்டுட்டு வந்துருவா, சொல்லாதே" என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாளாம். முப்பத்தாறு வருஷம் கழித்து அத்தனை பேர் முன்னால் நீங்கள் கேட்டபோதும், ஆச்சி போய்ப் பதினாறே நாளில் அந்தச் சத்தியத்தை மீற அப்பாவுக்கு மனது வரவில்லை. அப்புறம் நீங்கள் சொல்ல இடமே கொடுக்கவில்லை.

ஓடு மாற்றிய பணம் சிட்டி, அதாவது சீட்டுப் பணம், எடுத்தது. பாஸ்புக் அப்பாவின் அலமாரியில் இருக்கிறது. நீங்கள் கேட்காவிட்டாலும் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜரிகையைத் திரும்ப ஒட்டவில்லை. அந்த ஓரம் அப்படியே தூக்கினபடி இருக்கிறது, சிவப்பு தெரிகிற மாதிரி. பலகையையும் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன், வாய்ப்பாடு வெளியே தெரிய. அம்மாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, நீங்கள் கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டியிருக்கும். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடிப்பதற்குள் வாருங்கள், அத்தை. கண்ணாடி போடாமல் அதை ஈரத்தில் வைக்க முடியாது. நான் ஸ்டேஷனில் நிற்கிறேன்.

உங்கள் அண்ணன் மகள்